நம்புகிற மாதிரி ஒரு முடிவு

பெற்றோர் கூட்டத்தில் என் மகள் ஃபர்ஹாவின் கதையை அனுசுயா டீச்சர் மைக்கில் வாசிக்க ஆரம்பித்தார். மூன்றாவது வரியிலேயே அது யார் கதை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தையல் கிளாஸ் என்று மாமியாரிடம் பொய் சொல்லிவிட்டுப் பெரம்பலூர் டுடோரியலுக்கு பஸ் ஏறும் ஒருத்தி. முப்பத்தாறு வயதில் பத்தாவது எழுதப் போகிறவள். கணக்குப் புத்தகத்தை அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைப்பவள். ரஷீதா என்ற என் பேரை மட்டும் சபியா என்று மாற்றியிருந்தாள், அம்மணி.

லப்பைக்குடிக்காட்டில் இந்த விஷயம் எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். என்னை ஒன்பதாவதோடு நிறுத்தி நிக்காஹ் செய்துவைத்தார்கள். இப்போது ஒன்பதாவது படிக்கும் மகளிடமே உட்கார்ந்து கணக்குக் கற்றுக்கொள்கிறேன். நான் தப்பாகப் போட்டால் தலையில் அடித்துக்கொள்வாள், இருவரும் சிரிப்போம். அந்தச் சிரிப்பையும் விடாமல் எழுதியிருந்தாள், பாவி.

டீச்சரைச் சொல்லிக் குற்றமில்லை. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் பிள்ளைகளை ஒரு நாவல் படிக்கவைத்து, அத்தியாயம் அத்தியாயமாகப் பேசவைத்து, நன்றாகத் தெரிந்த ஒருவரைப் பற்றி நீங்களும் எழுதுங்கள் என்றிருக்கிறார். அரியலூரிலிருந்து வருகிறவருக்கு எங்கள் வீட்டு சமாச்சாரம் எப்படித் தெரியும். முதல் பரிசு என்று சொல்லி, கதையை போட்டோ எடுத்துப் பெற்றோர் வாட்ஸப் குரூப்பிலும் போட்டுவிட்டார். எங்கள் ஊரில் அந்த குரூப்பில் பாதிப் பேர் குவைத்திலும் துபாயிலும் இருக்கிற அத்தாமார்கள், பிள்ளைகளைப் பெற்ற தகப்பன்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அத்தா நம்பரைத்தானே கொடுக்கிறோம்.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் அசர் தொழுதுகொண்டிருந்தார். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மகளைக் கேட்டேன்.

“நம்பித்தானடி ஒன்கிட்ட சொன்னேன்.”

“பேரை மாத்திட்டேன்லம்மா.”

“அது கெடக்கட்டும். கதையோட கடைசில அவ ஏன் ஃபெயிலாவுறா? தெனம் நீதான எனக்குச் சொல்லித் தர்ற?”

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. “மொதல்ல பாஸுன்னுதான் எழுதுனேன். திருப்பிப் படிச்சா நம்புற மாதிரி இல்லம்மா.”

ஊரே தெரிந்துகொண்டு சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது? தினமும் கணக்கைத் திருத்திவிட்டு, நீ பாஸாயிருவம்மா என்று என் கன்னத்தைக் கிள்ளினாளே, அதெல்லாம் என்ன? எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அதற்குள் குவைத்திலிருந்து என் வீட்டுக்காரர் வீடியோ காலில் வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

“புள்ள கதைய ரூம்ல எல்லாத்துக்கும் வாசிச்சுக் காட்டுனேன் ரஷீதா. மாஷா அல்லாஹ், நேர்ல பாத்த மாதிரி எழுதியிருக்கா. அந்தப் பொம்பளைக்குத்தான் வேற வேலயில்ல. இந்த வயசுல பத்தாவதாம். ஃபெயிலானாளே, அதுதான் சரி.”

அவருக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள்.

வேண்டாம் என்று ஃபர்ஹா எனக்குத் தலையை ஆட்டினாள். அவள் கண்ணில் பயம். கதைதானே என்று நானும் சேர்ந்து சிரித்துவைத்தால் தீர்ந்தது. வழக்கம்போல சனிக்கிழமை பஸ் ஏறிவிடலாம்.

“அந்தப் பொம்பளை நாந்தாங்க,” என்றேன். “பரீட்சை அடுத்த மாசம். நான் இன்னும் ஃபெயிலாவல.”

சிரித்த முகம் சிரித்தபடியே திரையில் நின்றுவிட்டது. நெட் போய்விட்டதா, அவரேதான் அப்படி நிற்கிறாரா என்று தெரியாமல் நாங்கள் இரண்டு பேரும் அவருடைய பற்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்.