பன்னிரண்டரை மீட்டர்

எங்கள் ஊராட்சித் தலைவர் குப்புராஜுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் ஒன்றுதான். தனக்கு ஒன்றும் தெரியாது என்கிற விஷயம். அரசாங்கம் வீசையை ஒழித்துக் கிலோவைக் கொண்டுவந்தபோது, ஒரு வீசைக்கு ஒரு கிலோ நானூறு கிராம் என்று மண்டியில் உட்கார்ந்து ஊருக்கே கணக்குப் போட்டுக் கொடுத்தவர் அவர். மைலையும் கிலோமீட்டராக்கினார். அதெல்லாம் சரியாகவே போட்டார், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அன்றிலிருந்து, எந்த அளவையும் வேறு எந்த அளவாகவும் மாற்றும் உரிமை பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில் தனக்கு மட்டும்தான் என்று முடிவு கட்டிவிட்டார்.

எங்கள் ஊரிலிருந்த ஒரே ரேடியோவும் அவருடையது. என் தலையெழுத்து.

1972 ஜனவரி. சண்டை முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ராணுவத்தில் இருந்த என் அண்ணன் சின்னப்பராஜைக் காணவில்லை என்று தந்தி வந்திருந்தது. செத்துப்போனான் என்றும் இல்லை, இருக்கிறான் என்றும் இல்லை, காணவில்லை. ஆட்டுக்குட்டியா காணாமல் போவதற்கு?

பிறகு அவனுடைய ரெஜிமெண்டிலேயே இருந்த பாலக்கோட்டுக்காரர் ஒருவர் கடிதம் போட்டார். பிடிபட்ட நம் சிப்பாய்களின் பெயர்களை எதிரி நாட்டு ரேடியோ வாசிக்கப் போகிறதாம். வருகிற திங்கள் முதல் சனி வரை, சாயங்காலம் ஆறு மணிக்கு, அரை மணி நேரம். ஒரு தடவை வாசித்த பெயரை மறுபடி வாசிக்க மாட்டார்களாம். அலைவரிசை 6,000 கிலோ சைக்கிள் என்று தெளிவாக எழுதியிருந்தார்.

என் அம்மா இன்னாசியம்மாள் கடிதத்தை என்னை மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு சொன்னாள்: "சனிக்கெழமைக்குள்ள பேரு வரலைன்னா, ஞாயித்துக்கெழமை மரிச்சவங்க பூசை வெச்சிரலாம் சகாயம். சாமியாருகிட்ட சொல்லிட்டேன். உசுரோட இருக்கறவனுக்கு வெச்சா பாவம். செத்தவனுக்கு வெக்காம அவன் ஆத்துமாவ மோச்சம் கெடைக்காம தவிக்க வுட்டாலும் பாவம். நான் எத்தினி நாளைக்கு ரெண்டுங்கெட்டானா உக்காந்திருக்கறது?"

அம்மாவுக்கு அழுகை வரவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் தலைவர் வீட்டுக் கூடத்தில் பாதி ஊர் உட்கார்ந்திருந்தது. ரேடியோவில் முள் நகரும் கண்ணாடியில் மீட்டர் கணக்குதான் போட்டிருந்தது. ஒரு கோடியில் 13, மறு கோடியில் 50. கிலோ சைக்கிள் பேச்சே இல்லை. தலைவர் கடிதத்தை வாங்கிக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

"நான் தெனமும் பாட்டுக் கேக்கற ஸ்டேசன் இருபத்தஞ்சு மீட்டர். பன்னெண்டாயிரம் கிலோ சைக்கிள்னு அவனே சொல்றான். இது ஆறாயிரம். பாதி. அப்ப மீட்டரும் பாதி. பன்னெண்டரை. அவ்வளவுதான்!"

பக்கத்தில் இருந்த சென்னப்பன் வாத்தியார், "ரொம்ப கரெக்டுங்க" என்றார். ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவர். அவர் குடியிருந்த வீடு தலைவருடையது. அப்புறம் கரெக்டாக இல்லாமல் எப்படி இருக்கும்?

நான் சேலத்தில் பி.யு.சி. படித்தவள். இயற்பியலில் அறுபத்திரண்டு மார்க். வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "தலைவரே, அது அப்பிடி இல்லீங்க. இது ஏறினா அது எறங்குமுங்க. மூணு லட்சத்த கிலோ சைக்கிளால வகுத்தா மீட்டர் வருமுங்க. உங்க ஸ்டேசனுக்கே போட்டுப் பாருங்க, இருபத்தஞ்சு வரும். இதுக்கு அம்பது. அந்தக் கோடிக்குத் திருப்பணும்."

கூடம் சிரித்தது.

"ஏம்மா, சைக்கிள் பாதியாக் கொறஞ்சா மீட்டர் ரெண்டு மடங்கா ஆவுமா?" என்றார் தலைவர். "வீசை பாதியானா கிலோ ரெட்டிப்பா வருமா? அப்பிடி வந்தா நாங்க ஏன் இன்னும் புளி வித்துக்கிட்டு இருக்கறோம்?"

"வீசையும் கிலோவும் ஒரே எடைங்க. இது அலையோட நீளமும், அது நொடிக்கு எத்தினி தடவை..."

"பொம்பளப் புள்ளைங்களப் படிக்க வெச்சா இதான்" என்றார் வாத்தியார். பூரித்துப்போனேன்.

முள் 13-க்குப் போய் முட்டிக்கொண்டு நின்றது. பன்னிரண்டரை அந்தக் கண்ணாடியிலேயே கிடையாது. "அரை மீட்டர்தான, அதுவா அட்ஜஸ்ட் பண்ணிக்கும்" என்று தலைவர் ரேடியோவுக்கு உத்தரவு போட்டார். அங்கே யாரோ ஒரு புண்ணியவான் தொண்டையில் சளி கட்டியது போன்ற ஏதோ பாஷையில் பேசிக்கொண்டிருந்தான். தலைவர் புளி வியாபாரத்துக்காக இரண்டு தடவை ஹைதராபாத் போய் வந்தவர். அதனால் வடக்கே பேசுகிற பாஷையெல்லாம் அவருக்கு அத்துப்படி. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"பேருதான் வாசிக்கறான். பூரா வடக்கத்திப் பேரு. நம்ம பையன் பேரு இன்னும் வரல."

திங்கள் வரவில்லை. செவ்வாய் வரவில்லை. புதன்கிழமை அந்தப் புண்ணியவான் நடுவில் ஒரு பாட்டே பாடினான். "துக்கத்துல பாடறான்" என்று தலைவர் விளக்கினார். நான் தினமும் அம்பது அம்பது என்று கத்தினேன். வியாழக்கிழமை, கூடத்துக்குள் வராதே என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமையும் வாசலில் நின்றபடியே கேட்டேன். அந்தக் குமிழை ஒரு சாண் திருப்பினால் போதும். ஒரே ஒரு சாண். என் அண்ணன் உயிர் அந்தச் சாணுக்கு அந்தப் பக்கம் இருந்தது. இந்தப் பக்கம் தலைவருடைய மரியாதை இருந்தது. எது பெரியது என்று ஊருக்குத் தெரியாதா?

வெள்ளி ராத்திரி அம்மா வெள்ளைப் புடவையைத் துவைத்துக் கொடியில் போட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத்தான்.

சனிக்கிழமை தலைவர் தருமபுரிக்குக் கலெக்டர் ஆபீசுக்குப் போனார். ஐந்தரை மணிக்கு அவர் சம்சாரம் ஜானகியம்மாள் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். "அந்த மனுசன் எட்டு மணி பஸ்ஸுக்குத்தான் வருவாரு. வா கண்ணு, ஒங்கம்மாளையும் கூட்டிக்கிட்டு வா. நீ சொல்ற எடத்துல திருப்பு. ஒடஞ்சாலும் நான் சொல்லிக்கறேன்."

முள்ளை 50-க்குக் கொண்டுபோனேன். முதலில் வெறும் இரைச்சல். மயிரிழை இந்தப் பக்கம், மயிரிழை அந்தப் பக்கம். சரியாக ஆறு மணிக்கு ஒரு ஆண் குரல் நிதானமாக எழுந்தது. நம்பர், பெயர், அப்பா பெயர், ஊர். நம்பர், பெயர், அப்பா பெயர், ஊர். இந்துஸ்தானி தெரியாத எங்கள் மூன்று பேருக்குமே புரிந்தது.

ஜானகியம்மாள் என் தோளைப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. என் கணக்கு சரி! குதிக்க வேண்டும் போலிருந்தது.

ஒரே ஒரு தமிழ்ப் பெயர் வந்தது. வடாற்காட்டுப் பக்கத்துப் பையன். அம்மா எழுந்தே நின்றுவிட்டாள், பிறகு உட்கார்ந்தாள். ஆறரைக்குக் குரல் நின்று வாத்தியம் வாசிக்க ஆரம்பித்தது. அண்ணன் பெயர் வரவில்லை.

நான் அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. ஐந்து நாள் தொண்டை வறளக் கத்தி, சண்டை போட்டு, சரியான இடத்துக்கு அவளைக் கூட்டிவந்து, சரியாக இதைக் கேட்க வைத்திருந்தேன். பி.யு.சி. படிப்பு.

"சகாயம்" என்றாள் அம்மா. "இத்தினி நாளு அவங்க கேட்டது வேற எடம்தான?"

"வேற எடம்மா. சுத்தமா வேற."

"நெசமாத்தான? கணக்குல சந்தேகம் இல்லியே?"

"சத்தியமா இல்லம்மா."

"அப்ப திங்கள்லருந்து வெள்ளி வரைக்கும் இங்க வாசிச்சத நாம யாரும் கேக்கல. அதுல அவன் பேரு இருந்திருக்கும்." அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பூசை வேணாம். சாமியாருகிட்ட போயி சொல்லிட்டு வந்துரு."

இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படியே எழுந்து சாமியாரிடம் போனேன். கொடியில் கிடந்த புடவையை அம்மாவே போய் மடித்து வைத்தாள்.

மறுநாள் காலையில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழியை விட்டுவிட்டு நல்ல இளசான விடைக்கோழியாக ஒன்றைப் பிடித்து என் கையில் கொடுத்தாள். "தலைவரு வூட்ல குடுத்துட்டு வா."

தலைவர் வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார். கோழியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வூட்ல சொன்னா. அம்பதுல வெச்சுப் பாத்தியாமே. வந்துச்சா பேரு?"

"வரலீங்க."

"பாத்தியா! கணக்குன்னா அனுபவம் வேணும் புள்ள. இப்பவாச்சும் ஒத்துக்கறியா, என் கணக்குதான் சரின்னு?"

"தப்புங்க" என்றேன். "அஞ்சு நாளும் தப்புங்க. அதுக்குத்தாங்க எங்கம்மா கோழி குடுத்தனுப்புச்சி."