கயிற்றில் கைவைத்த கொள்ளைக்காரர்கள்

1921-ஆம் வருஷம் ஆவணி மாதம், வடகடல் கொள்ளைக்காரர்கள் முப்பது பேர், சுமார் ஆயிரம் வருஷம் தாமதமாகத் திருவொற்றியூர் குப்பத்தில் வந்து இறங்கினார்கள். வலையில் சாளை மீன் நன்றாக விழுந்துகொண்டிருந்த நேரம். முகப்பில் பாம்புத்தலை செதுக்கிய நீளக் கப்பல், கோடுபோட்ட பாய், ஆளுக்கொரு கோடாலி, நெஞ்சை மறைக்கும் தாடி. மீன் வாங்க வந்திருந்த ராயபுரத்து ரயில்வே கார்டு வால்டர், சீமையில் தன் முப்பாட்டன்மார் ஊரைக் கொளுத்தியவர்கள் இவர்கள்தான் என்று அடையாளம் சொல்லிவிட்டு, வாங்கிய மீனைக்கூட எடுக்காமல் ஸ்டேஷனைப் பார்த்து ஓடினார். அவர் பின்னால் கரையில் நின்ற ஆம்பிளைகளும் ஓடினார்கள். சிலர் கொருக்குப்பேட்டை தாண்டித்தான் திரும்பிப் பார்த்தார்களாம்.

ஓடியது தப்பில்லை. ஆனால் ஓடும்போது அவர்கள் கைவிட்டது, கரையில் நின்று இழுக்கும் பெரியவலையின் கயிற்றை. வலையின் ஒரு கயிறு கரையில் இருக்க, மறு கயிற்றோடு எத்திராஜ் படகில் கடலைச் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து வலையில் என்னமோ பெரிதாகச் சிக்கி, வலையையும் படகையும் கிழக்கே இழுத்தது. கயிறு எத்திராஜின் காலைச் சுற்றிக்கொண்டது. கரையில் மிச்சமிருந்தவள் அவன் பெண்சாதி பச்சையம்மா ஒருத்திதான். கயிற்றை இடுப்பில் சுற்றி, குதிகாலை மணலில் ஊன்றியும், அலைக்குள் சறுக்கிக்கொண்டிருந்தாள்.

குடிசையைக் கொளுத்தப் பந்தம் தூக்கிய செந்தாடித் தலைவனைப் பார்த்ததும் அவளுக்குப் பயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"டேய் தாடி! உன்னப் பாத்துதான் எங்காளுங்க ஓடிட்டானுங்கோ. இன்னா பாத்துகினு நிக்கிறே? எம்புருசன் கீறான்டா அந்தாண்ட! வந்து கயித்தப் புடி!"

பாஷை புரியாவிட்டால் என்ன, துடுப்புப் பிடித்தவனுக்குக் கயிறு நழுவுவது தெரியாதா? பந்தம் தண்ணீரில் விழுந்தது. அடேயப்பா, இழுத்தார்கள் பாருங்கள் ஓர் இழுவை! பச்சையம்மா ஏலேலோ என்று எடுத்துக்கொடுக்க, முப்பது தொண்டையும் ஐலசா என்று வாங்கியது. முதலில் எத்திராஜ் வந்தான், உயிரோடு. பின்னாலேயே கடற்பாம்பு வந்தது. தலை திருவொற்றியூரில் கிடக்க, வால் எண்ணூரில் துடித்தது. பழைய பகையாளியைக் கண்டவன்போலத் தலைவன் கூவினான்.

பச்சையம்மா புருஷனை ஓர் அறை அறைந்துவிட்டு, கட்டிக்கொண்டு அழுதாள்.

"யார் மே இவனுங்கோ?" என்றான் எத்திராஜ்.

"பங்குக்காரனுங்கோ. எந்திரி."

கயிற்றில் கைவைத்தவனுக்குப் பங்கு உண்டு. பங்கு வாங்கியவன் குப்பத்தின்மேல் கைவைக்கக் கூடாது. அதுதான் கட்டுப்பாடு. தலைவன் யோசிப்பதற்குள் பச்சையம்மா அவன் கையில் ஒரு கூறு சாளையைத் திணித்தாள். அவன் மீனைப் பார்த்தான், கோடாலியைப் பார்த்தான், அப்புறம் பாம்பைத் துண்டுபோட உட்கார்ந்தான். ஓடியவர்களுக்குப் பங்கில்லை. பாம்புத்துண்டு மலிந்துபோனதில், அந்த வாரம் யானைக்கவுனி வரைக்கும் வஞ்சிரத்தைக் கேட்க ஆளில்லை.

மறுவருஷமும் கப்பல் வந்தது. யாரும் ஓடவில்லை. அதற்குப் பிறகு ஆவணி பிறந்தால், அடிவானத்தில் அந்தப் பாம்புத்தலை தெரியும்வரை பச்சையம்மா புருஷனைப் படகேற விடுவதில்லை.

"கொள்ளைக்காரங்க இன்னும் வரல," என்பாள். "சும்மா குந்து."