ஒரே நாடகத்துக்கு மூன்று பெயர்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. மறைக்கத் தெரியவில்லை. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. மற்றதெல்லாம் பொட்டலக் காகிதத்தில் கற்றது. மாயவரத்தில் நாடகக் கம்பெனியோடு கிளம்பியவன், இப்போது திருவனந்தபுரத்தில், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் போட்ட கொட்டகையில் நோட்டீஸ் எழுதுகிறேன். உட்கார்ந்து பேச ஆள் இல்லை. அதனால் உங்களிடம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கோலப்பனின் உள்ளங்கையில் கயிறு வரைந்த கோடுகள், விதி வரைந்த—'

அடித்துவிட்டேன். (கை காய்த்திருந்தது. அவ்வளவுதான்.)

கோலப்பன் படுதா இழுப்பவர், நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து இங்கே குடியிருப்பவர். இந்த வேலைக்குக் கம்பெனி உள்ளூரில்தான் ஆள் எடுக்கும். ஒரு வழக்கம் உண்டு: புது நாடகத்தின் முதல் நாள் வெள்ளோட்டம். சோறு உண்டு, கூலி இல்லை. வேலை தெரிகிறதா என்று பார்க்கிறார்களாம். மறுநாளிலிருந்து, திருவிதாங்கூர்க் காசில், நாளுக்கு ஏழு சக்கரம்.

3

கூட்டம் குறைந்தது. மானேஜர் சாம்பசிவய்யர் தலைப்பை மட்டும் மாற்றச் சொன்னார். 'பவழத்தீவு மகாராணி'யைக் 'காட்டில் கலங்கிய கண்மணி' ஆக்கினேன். அதே ராஜா, அதே அழுகை, கொட்டகை நிரம்பியது. மூன்று நாள் கழித்து 'பாலில் கலந்த விஷம்'. அதுவும் நிரம்பியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தலைப்புக்கு ஒரு வெள்ளோட்டம் என்று அய்யர் ஒவ்வொரு தடவையும் முதல் நாள் கூலியைப் பிடித்தது எனக்குத் தெரியாது. (தெரியாதா? கேட்கவில்லை.) இன்று காலை, கிழிந்த படுதாவைத் தைத்துக்கொண்டே கோலப்பன் சொன்னார்:

"அண்ணாச்சி, ஒம்ம பேனாவுக்கு ஒரு சீக்கு, தீனம் வரப்பிடாதா? மூணு பேரு வச்சீரு. நானும் மூணு மட்டம் புதுசா ஜோலிக்குச் சேந்தாச்சு. படுதா அதே படுதாதான், பாத்துக்கிடும். நாலாவது பேரும் வந்தா எம் பெண்டாட்டி பிச்சம்மாள் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு அவ அம்ம வீட்டுக்குப் போயிருவா."

அய்யரிடம் போனேன். வெற்றிலை மடித்தபடி அவர் கேட்டார்:

"புது நாடகம்னு நோட்டீஸ்ல எழுதினது நீர்தானே ஓய்? ஊருக்கெல்லாம் புதுசு, அவனுக்கு மட்டும் பழசா?"

4

ஒரு முடிவு: கோலப்பன் படுதாவைப் பாதியில் நிறுத்துகிறார், ஜனங்கள் கூச்சலிடுகிறார்கள், அய்யர் மனம் திருந்தி— அய்யராவது திருந்துவதாவது. வாசலில் நாலு பேர் வேலை கேட்டு நிற்கிறார்கள்.

இன்னொன்று: நான் வேலையை உதறிவிட்டு— எங்கே போவேன்? நாளைக்கே வேறொருவன் என்னைவிட நல்ல தலைப்பு எழுதுவான்.

(இதை மூன்று முறை முதலிலிருந்து எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் கோலப்பன் மறுபடி கயிற்றைப் பிடிக்கிறார். நானும் அவருக்கு ஒன்றும் கொடுப்பதில்லை.)

5

நாலாவது தலைப்பு மத்தியானம் அச்சாபீசுக்குப் போகவேண்டும். அய்யர் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். நான் 'பாலில் கலந்த விஷம்' என்றே எழுதியிருக்கிறேன். அடியில், 'நீங்கள் பார்த்த அதே நாடகம்.' அய்யர் படித்துப்பார்க்க மாட்டார். என் எழுத்தில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

கூட்டம் வந்தால் கோலப்பனுக்கு நாளைக் கூலி உண்டு. வராவிட்டால் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை இல்லை. இதற்கு மேல் நான் எழுத முடியாது. தரை டிக்கெட் இரண்டு சக்கரம். நிஜத்தைச் சொல்லுங்கள்: பார்த்த நாடகம் என்று தெரிந்தும் வருவீர்களா?