அப்பா எந்த வீட்டில்?

ஓய்வு பெற்ற அந்த ரயில் டிரைவருக்கு இரண்டு பிள்ளைகள். தனித்தனியாகப் பார்த்தால் இருவரும் தங்கமான பிள்ளைகள்தான். ஒரே தெருவில் எதிரெதிர் வீடு வாங்கித் தொலைத்ததுதான் வினை. பெரியவன் வாசலுக்குக் கண்ணாடிக் கதவு போட்டால், சின்னவன் வீட்டுக் கதவு தானாகத் திறக்க ஆரம்பித்துவிடும். சின்னவன் கார் மாற்றினால் பெரியவனுக்குச் சோறு இறங்காது.

கதவோடும் காரோடும் நின்றிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? கடைசியில் அப்பாவிடமே வந்துவிட்டார்கள். பெரியவன் மசாஜ் நாற்காலி வாங்கி அனுப்பினான். சின்னவன் விடுவானா? பட்டனை அழுத்தினால் தலைமாடு உயரும் கட்டில் வந்து இறங்கியது. இரண்டும் சேர்ந்து, அவர் தனியாக இருந்த ஒற்றை அறையை அடைத்துக்கொண்டன. மனிதர் குளியலறைக்குக்கூட ஒருக்களித்துத்தான் போக வேண்டியிருந்தது. பிள்ளைகளோ அதையும் படம் எடுத்துப் போட்டு ஊரெல்லாம் சபாஷ் வாங்கினார்கள்.

எழுபதாவது பிறந்தநாளுக்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "ரெண்டு பேரும் ஒரே மேஜையில என்கூட உக்காந்து சாப்பிடுங்கடா. வேற எந்த எழவும் எனக்கு வேண்டாம்."

"அதுக்கென்னப்பா, அவனை இங்க வரச் சொல்லுங்க" என்றான் பெரியவன். சின்னவனும் ஓர் எழுத்து மாறாமல் அதையேதான் சொன்னான். முடிவில் ஒரே மாலை, ஒரே நேரம், இரண்டு வீட்டிலும் விருந்து.

கிழவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருவரிடமும், "கார் அனுப்ப வேண்டாம், நானே வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு, நேரே நண்பரின் சலூனில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"ரெண்டு இடத்துலயும் நான் இல்லேன்னா பதறிப்போய்த் தேடுவானுங்க. தேடுறப்பவாவது ஒண்ணா வருவானுங்கல்ல?"

"வருவாங்க, வருவாங்க" என்றார் சலூன்காரர், இருக்கிற நாலு முடியை இழுத்து இழுத்து வெட்டியபடி.

முடிவெட்டு முடிந்தது. சவரமும் முடிந்தது. ஒருவரும் வரவில்லை. சலூன்காரர் தன் போனை எடுத்துப் பார்த்துவிட்டு அவரிடம் நீட்டினார். இரண்டு வீட்டு விருந்தும் அதில் ஜேஜே என்று நடந்துகொண்டிருந்தது. இரண்டு வீட்டுச் சுவரிலும் அவருடைய ஆளுயரப் படம். அப்பா எதிர்வீட்டில்தான் இருக்கிறார் என்று ஆளுக்கு ஆள் நினைத்துக்கொண்டுவிட்டார்கள். தெருவைத் தாண்டிப் போய் ஒரு வார்த்தை கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமே!

கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. பெரியவன்! சட்டென்று எடுத்தார்.

"அப்பா, அங்க கேக் எத்தனை அடுக்கு?"

"எந்த கேக்குடா? நான் அவன் வீட்டுக்குப் போகவே இல்ல."

"நிஜமாவா? போகலையா?"

"போகல."

"அப்பாடா!" என்றான் பெரியவன், மனசார.

எங்கே இருக்கிறார் என்று கேட்காமலேயே போனை வைத்துவிட்டான்.