பதினேழாவது முடிச்சு

மூணாறு பஜாரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த எனக்கு 1978-இல் மண்டைக்கனம் ஏறியிருந்தது. இடி விழுந்து செத்துப்போன எஸ்டேட் ஆபீஸ் கால்குலேட்டரை நான்தான் உயிரோடு எழுப்பினேன். காகிதச் சுருளில் எண்களை அச்சடித்துத் தரும் பழைய மிஷின். கருகிய போர்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, கோயமுத்தூரிலிருந்து வாங்கிவந்த ஒரே ஒரு புது ஐ.சி. சில்லை வைத்து அத்தனை வேலையையும் வாங்கினேன். செல்லத்துரையா கொக்கா என்று நானே சொல்லிக்கொண்டேன்.

ஒன்றில் மட்டும் ஏமாற்றினேன். எண்கள் பொறித்த உருளை சுழலும்போது, எந்த எண் எதிரே வருகிறது என்று பார்த்துச் சொல்லும் சின்னக் கருவியும் கருகியிருந்தது. அதற்கு மாற்று கிடைக்கவில்லை. உருளை ஒரே வேகத்தில்தானே சுற்றுகிறது என்று நினைத்து, எண்ணைக் காகிதத்தில் பதிக்கும் சுத்தியல் நேரத்தை மட்டும் வைத்து அடிக்கும்படி விட்டேன். கடையில் கரியடுப்புப் பக்கத்தில் வைத்து நூறு தடவை பார்த்தேன், பிசகவில்லை. மேனேஜரிடம், "எல்லாம் ஒரிஜினல் மாதிரியேதான் சார்" என்றேன். பக்கத்து எஸ்டேட் மிஷின்களின் ரிப்பேர் வேலையையும் எனக்கே வாங்கித் தருவதாகச் சொன்னார்.

ஜனவரியில், உறைபனி விழுந்த ஒரு காலையில் எஸ்டேட்டிலிருந்து ஆள் அனுப்பினார்கள். விடியலில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் சுருளியம்மாள் அக்கா நின்றிருந்தாள். கொழுந்து பறிப்பவள். எழுதப் படிக்கத் தெரியாது. எடை போடும்போதெல்லாம் கிலோவை மனசுக்குள் கூட்டி, நூறு சேர்ந்ததும் கயிற்றில் ஒரு முடிச்சுப் போடுவாள். அவளை நம்பி, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் ஆறு வீட்டுக்காரர்கள் தங்கள் கயிற்றையும் கொடுத்து வைத்திருந்தார்கள்.

"இந்த மாசம் பதினேழு முடிச்சு, மேல இருபத்துநாலு கிலோ. மிஷினு ஒரு முடிச்ச முழுங்கிருச்சு," என்றாள்.

ஆபீஸ் கணக்கெழுதும் ரைட்டர் யாக்கோபு மிஷின் அடித்த சீட்டை நீட்டினார். 1624. "ரெண்டு தடவை அடிச்சு நோக்கியாச்சு. அதேதான் வருது. இவ கள்ளம் பறையுறா," என்று அவளைப் பொய்க்காரியாக்கினார்.

மேனேஜர் என்னைச் சரிபார்க்கச் சொன்னார். ஆபீசுக்குள் தனியாக உட்கார்ந்து அவளுடைய அந்த மாத எடையெல்லாம் மிஷினில் போட்டேன். அதற்குள் கணப்பு மூட்டி அறை சூடாகியிருந்தது. சீட்டில் 1724 என்று வந்தது.

காலைக் குளிரில் எண்ணெய் இறுகி உருளை மெதுவாகச் சுற்றியிருக்கிறது. முதலிலேயே வந்துவிடும் ஒன்று, இரண்டு, நாலு பிசகவில்லை; தள்ளியிருக்கும் ஏழு வந்து சேர்வதற்குள் சுத்தியல் ஆறின் மேல் விழுந்திருக்கிறது. குற்றம் முழுக்க என் கைவேலை. சீட்டைக் கிழித்துக் கணப்பில் போட்டேன்.

வெளியே வந்து, "மிஷின் சரியா இருக்கு சார்," என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

சுருளியம்மாள் கயிற்றைக் கட்டைவிரலால் தடவித் தடவி எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அப்ப நாந்தேன் ஒண்ணு கூடப் போட்டுட்டேன் போல," என்றாள். அன்று சாயங்காலமே ஆறு வீட்டுக்காரர்களும் கயிற்றைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன். 

மார்ச்சில் மெட்ராஸிலிருந்து அந்தச் சின்னக் கருவி வந்தது. சர்வீஸ் என்று சொல்லி, யாருக்கும் தெரியாமல் மாட்டிவிட்டேன். அதன்பிறகு மிஷின் ஒரு எண்கூடத் தப்பாக அடிக்கவில்லை. மேனேஜரிடம் போய்ச் சொல்ல எனக்குத் துப்பில்லை. அவளிடமாவது சொல்லித் தொலைப்போம் என்று லயத்துக்குப் போனேன். ஆறு, ஏழு, உருளை, குளிர் என்று ஒன்று விடாமல் சொன்னேன். "உங்க கணக்குதான் சரி அக்கா. தப்பு என் மேலதான்" என்றும் சொன்னேன்.

அவள் பால் விடாத கட்டஞ்சாயாவை என் பக்கம் தள்ளி வைத்தாள். "நீங்க நல்ல மனுசன் தம்பி. எனக்கு ஆறுதல் சொல்லணும்னு உங்க பேரக் கெடுத்துக்கிடாதீக. வெளியில யார்ட்டயும் இப்படிச் சொல்லிப்புடாதீக," என்றாள்.

சரி என்று தலையாட்டினேன். உள்ளதைச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.