விதிமுறை ஏழும் மூன்று முடிவுகளும்

1

சங்கத்தின் கண்காட்சி மலருக்கு என்னிடம் கேட்டது கதை இல்லை, கட்டுரை. தலைப்பையும் கொடுத்திருந்தார்கள்: 'கார்களை வகை பிரிப்பது எப்படி? சில சந்தேகங்களும் விளக்கங்களும்.' இரண்டு பக்கம். நாளைக்கு அச்சுக்குப் போகிறது. ஞாயிறு காலை மைதானத்தின் கேட்டில் எல்லோருக்கும் ஒரு பிரதி.

கட்டுரையின் முதல் பத்தி நன்றாகவே வந்தது. பழைய கார் கண்காட்சியில் மூன்று வகுப்புகள்: அசல், புதுப்பித்தது, மாற்றியமைத்தது. நுழைவுப் படிவத்தின் மூலையில் மூன்று கட்டங்கள். கார்க்காரர் ஒன்றில் டிக் அடித்துத் தருவார். மேசைக்காரர் காருக்கு அடியில் குனிந்து பார்த்து, டிக் சரியென்றால் கையெழுத்துப் போடுவார்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது தபாலில் ஒரு படிவம் வந்தது. அதற்குப் பிறகு கட்டுரை நகரவில்லை.

மேசைக்காரர் நான்தான். ஆனால் 'நான்' என்று எழுதினால் அடுத்த சொல் வரமாட்டேன் என்கிறது. ஆகவே இனி அவன்.

2

தொடக்கங்கள்.

'அவன் நியாயமானவன்.' (அடித்துவிட்டேன். அதுதான் பிரச்சினையே.)

'காருக்கு அடியிலிருந்து அவளுடைய கால்கள் மட்டும் தெரிந்தன. ஸ்பானரைக் கேட்டாள். அவன் எடுத்துக் கொடுத்தபோது' (இதை முடிக்க முடியவில்லை. அப்படியே இருக்கட்டும்.)

மூன்றாவது தொடக்கம் புதிதாக எழுதியது இல்லை. நான்கு வருடத்துக்கு முன் அவனே எழுதியது:

'விதிமுறை ஏழு. அசல் வகுப்பில் சேரும் காரில் தொழிற்சாலையில் பொருத்திய பாகங்கள் மட்டுமே இருக்க வேண்டும். டயர், பேட்டரி, பல்பு தவிர வேறெதையும் மாற்றியிருக்கக் கூடாது. கார் தானே ஓடி மைதானத்துக்கு வந்து சேர வேண்டும்.'

அதற்கு முன்னால் ஒவ்வொரு வருடமும் அடிதடி. நேற்று பெயின்ட் அடித்த காரைக் கொண்டுவந்து 'பிறந்ததிலிருந்து இப்படித்தான்' என்பார்கள். ஒருமுறை சட்டைக் காலரைப் பிடிக்கும் அளவுக்குப் போய்விட்டது. கல்லூரியில் படித்தவன் என்பதால் விதிமுறை எழுதும் வேலை அவன் தலையில் விழுந்தது. எழுதினான். சண்டை நின்றது. 'ஒரு சந்துபொந்து விடல பாருங்க' என்று அச்சகக்காரரே பாராட்டினார்.

அச்சகக்காரர் சங்கத்தின் நிரந்தரப் புகார்தாரர். மற்றவர்களின் கார்களுக்கு அடியில் பார்ப்பதற்கென்றே முழங்காலுக்குக் கீழே விரிக்க ஒரு கைக்குட்டை வைத்திருப்பார். இந்த மலரை அச்சடிப்பவரும் அவர்தான்.*

* ஆக, இதை முதலில் படிக்கப்போவது அவர். வணக்கம்.

3

அவன் மனைவியிடம் ஒரு சின்னக் கார் இருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஷெட்டில் போட்டுப் பூட்டி வைத்திருந்ததை வாங்கினாள். பெயின்ட்கூடத் தொழிற்சாலையில் அடித்தது. இரண்டு வருடத்துக்கு முன் அதை அசல் வகுப்பில் கொண்டுவந்து நிறுத்தினாள். மேசைக்கு வந்து, முன்பின் தெரியாதவள் மாதிரி நின்றாள்.

"சார், என் கார் எந்த வகுப்பு சார்?"

"பாத்துட்டுச் சொல்றேன்மா. வரிசையில நில்லுங்க."

கைக்குட்டை விரிந்தது.

"மேசைக்காரரே, இங்க வாங்க. சக்கரத்துக்குப் பின்னாடி பாருங்க, பளபளன்னு புது ரப்பர்! இது அசலா?"

"அது பிரேக் ஹோஸ்ங்க, பிரேக் ஆயில் போற ரப்பர் குழாய்" என்றாள். "பழசு வெடிப்பு விட்டிருந்துச்சு, மாத்தினேன். உயிர் பயம் இருக்காதா?"

"உயிர் பயம் இருக்கறவங்களுக்குத்தான் புதுப்பித்த வகுப்புன்னு ஒண்ணு இருக்கே. டயர், பேட்டரி, பல்பு. பிரேக் ஹோஸ்னு எங்கயாவது எழுதியிருக்கா? இல்ல, வீட்டுக்காரம்மான்னா தனி விதிமுறையா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வேறு யாருடைய காராக இருந்திருந்தாலும் குழுவைக் கூட்டி, பிரேக்குக்கு விலக்குத் தரலாமா என்று கேட்டிருப்பான். அவளுடையது என்பதால் கேட்கவில்லை. 'அசல்' டிக்கைக் கோடு போட்டு நீக்கிவிட்டுப் 'புதுப்பித்தது' கட்டத்தில் டிக் போட்டான். நியாயம்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். "சரிங்க சார். அடுத்த வருஷம் பழசையே மாட்டிக்கிட்டு வர்றேன். அப்ப என்ன பண்ணுவீங்க சார்?"

"கையெழுத்துப் போடுவேன்."

"போட்டுத்தான் ஆகணும். போடலேன்னா வாசப்படி ஏற விடமாட்டேன்."

4

மாட்டிக்கொண்டு வந்தாள்.

மைதானம் மலைமேல் இருக்கிறது. "ஏறும்போது பிரேக்குக்கு என்ன வேலை? இறங்கறதுக்கு முன்னாடி புதுச மாட்டிடுவேன்" என்றாள். புது ஹோஸ் நான்கையும் செய்தித்தாளில் சுற்றி டிக்கியில் வைத்திருந்தாள். அவன் டார்ச் அடித்துப் பார்த்தான். பழைய ரப்பரில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. கம்பெனி முத்திரை தெளிவாகத் தெரிந்தது. அவன் அந்த முத்திரையைத்தான் பார்த்தான். கையெழுத்துப் போட்டான். கை நடுங்கவில்லை.

(நடுங்கியது என்று எழுதிப் பார்த்தேன். படிக்க நன்றாக இருந்தது. பொய்.)

கோப்பை அவளுக்குத்தான். படம் எடுக்கக் கூப்பிட்டார்கள், பேசச் சொன்னார்கள். வெயில் தாழ்ந்துவிட்டது. ஹோஸ் மாற்றி, பைப்பிலிருந்து காற்றெடுக்க ஒரு மணி நேரமாவது ஆகும். "வீட்டுல போய் மாத்திக்கலாம். மெதுவாதானே போகப்போறேன்" என்றாள். மடக்கு மேசைகளை ஏற்றிய வேனில் அவன் பின்னால் வந்தான்.

இரண்டாவது வளைவில்

இரண்டாவது வளைவுக்கு முன்னால் அவள்

அவளுடைய பிரேக் விளக்கு எரிந்தது. கார் வேகம் குறையவில்லை. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.*

* அந்தக் காரில் விளக்கின் ஸ்விட்ச் பெடலோடு சேர்ந்தது. மிதித்தால் எரியும், பிரேக் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். கை பிரேக் இல்லையா என்று கேட்பீர்கள். இழுத்திருந்தாள். அதன் கம்பியும் அசல்.

வளைவைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள் என்று சங்கத்தில் பேசிக்கொண்டார்கள். இரங்கல் கூட்டத்திலும் அப்படித்தான் வாசித்தார்கள். அவன் திருத்தவில்லை. திருத்தினால் அடுத்த கேள்வி வரும்: அந்தக் காருக்குக் கையெழுத்துப் போட்டது யார்?

5

இப்போது தபாலில் வந்த படிவம்.

அனுப்பியவர் பல் டாக்டர், போன வருடம் சங்கத்தில் சேர்ந்தவர். அவள் வைத்திருந்த அதே மாடல் கார். 'அசல்' கட்டத்தில் அழுத்தமாக ஒரு டிக். குறிப்புப் பகுதியில் இப்படி: 'பிரேக் ஹோஸ் நான்கும் அசல். பழைய பாகம் விற்பவரிடம் ஏழு மாதம் தேடி வாங்கினேன். புதியவற்றைக் கழற்றிவிட்டேன்.' இரண்டு படங்கள். ஒன்றில் ரப்பர், முத்திரை, வெடிப்பு. இன்னொன்றில் கார். பின் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு இரண்டு பெண் குழந்தைகள்.

போன் பண்ணினான்.

"டாக்டர், அந்த ஹோஸைக் கழட்டிடுங்க."

"ஏன் சார்? டூப்ளிகேட்டா? முத்திரை இருக்கே!"

"இல்ல. அசல்தான். அதனாலதான் சொல்றேன்."

"புரியலையே சார். கழட்டினா வகுப்பு போயிடுமே. உங்க விதிமுறைதானே? வரிக்கு வரி மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன். பிள்ளைங்ககிட்ட கோப்பை வாங்கித் தர்றேன்னு வாக்குக் கொடுத்துட்டேன்."

"பிள்ளைங்களையும் கூட்டிட்டு வர்றீங்களா?"

"பின்ன? அதுங்க இல்லாமலா? நீங்க கவலைப்படாதீங்க. மெதுவாதான் ஓட்டுவேன்."

மெதுவாதான். அந்த இடத்தில் அவன் சொல்லியிருக்க வேண்டும். ஒரே வாக்கியம். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. "சரி டாக்டர்" என்று வைத்துவிட்டான். அதற்குப் பிறகு இரண்டு தடவை எண்ணை அழுத்தி, மணி அடிப்பதற்குள் துண்டித்தான்.

விதிமுறையை மாற்ற முடியாதா? பதிவு தொடங்கிய பிறகு எதையும் மாற்றக் கூடாது. அது விதிமுறை பன்னிரண்டு. அதுவும் அவன் எழுதியதுதான். மேசையிலிருந்து விலகிவிட்டால்? அங்கே அச்சகக்காரரின் மச்சினன் வந்து உட்காருவார். அவருக்கும் ஒரு கைக்குட்டை உண்டு.

இப்போது எனக்கு எந்த வாக்கியத்தைப் பார்த்தாலும் பயமாக இருக்கிறது. நான் மூன்று வரி எழுதினேன். அதை நம்பிய மனிதர் ஒருவர் ஏழு மாதம் அலைந்து அதன்படி நடந்திருக்கிறார்.

6

முடிவுகள். இவற்றுக்கும் மூன்று கட்டங்கள் போட்டுப் பார்த்தேன்.

மாற்றியமைத்தது: ஞாயிறு காலை அவன் மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்கிறான். மைதானம் அமைதியாகிறது. விதிமுறையை அங்கேயே திருத்துகிறார்கள். அச்சகக்காரர் அவனைக் கட்டிப்பிடித்து (இல்லை. அவர் யாரையும் கட்டிப்பிடித்து நான் பார்த்ததில்லை. போனிலேயே குரல் வராதவனுக்கு மைக்கில் எங்கிருந்து வரும்?)

புதுப்பித்தது: காலையில் டாக்டரைக் கெஞ்சிப் புது ஹோஸை மாட்டவைத்து, 'அசல்' என்று பொய்க் கையெழுத்துப் போடுகிறான். கைக்குட்டை விரிகிறது. "அன்னிக்கு உங்க வீட்டம்மாவுக்கு ஒரு நியாயம், இன்னிக்கு டாக்டருக்கு ஒரு நியாயமா?" கையெழுத்தை அடிக்கிறார்கள். டாக்டர் முகம் தொங்கிப்போய், பழசையே திரும்ப மாட்டக் காருக்கு அடியில் படுக்கிறார்.

அசல்: போன வருடம் மாதிரியே கையெழுத்துப் போடுகிறான். கோப்பை, படம், கைதட்டல். வெயில் தாழ்கிறது. மேசைகளை ஏற்றிய வேனில் பின்னால் போகிறான். முன்னே அந்தக் கார். பின் கண்ணாடியில் இரண்டு முகங்கள் இவனைப் பார்த்துக் கையாட்டுகின்றன. இரண்டாவது வளைவுக்கு முன்னால் பிரேக் விளக்கு

எழுதமாட்டேன். ஒருமுறை எழுதிவிட்டால் அது எங்கேயோ நடந்துவிடும் என்று தோன்றுகிறது. இது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் எழுதமாட்டேன்.

7

அச்சகக்காரரே, கட்டுரை கேட்ட இடத்தில் இது வந்திருக்கிறது. பக்கம் நீண்டுவிட்டால் விளம்பரத்தை எடுங்கள், இதை எடுக்காதீர்கள். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் விதிமுறையைப் படித்தீர்கள், அவ்வளவுதான். எழுதியவன் நான், கையெழுத்துப் போட்டவனும் நான். அவள் வளைவைக் கவனிக்காமல் விடவில்லை. ஹோஸ் வெடித்தது.

இனி மீதி ஒருவருக்கு.

டாக்டர், கேட்டில் இதை உங்கள் கையில் கொடுத்திருப்பார்கள். அப்படியென்றால் நீங்கள் மேலே வந்து சேர்ந்துவிட்டீர்கள். ஏறும்போது பிரேக்குக்கு வேலை இருந்திருக்காது. இனி இறக்கம் மட்டும்தான்.

உங்கள் படிவம் என்னிடம் இருக்கிறது. உங்கள் டிக்கை அழித்து, வகுப்புக் கட்டங்களை வெறுமையாக விட்டிருக்கிறேன். நீங்களே நிரப்புங்கள், எதுவானாலும் ஏற்கிறேன். ஆனால் முதலில் என் மேசைக்கு வாருங்கள். மேசைக்கு அடியில் ஸ்பானர் இருக்கிறது, ஒரு டப்பா பிரேக் ஆயில் இருக்கிறது. பக்கத்தில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். அவளுடைய டிக்கியில் இருந்து எடுத்தது. நான்கும் புதுசு. உங்கள் காருக்குப் பொருந்தும்.

இன்னும் பிரிக்கவில்லை. எனக்குக் கை வரவில்லை. நீங்கள் பிரியுங்கள்.