எல்லைக் கல்லுக்கு ஆறாம் நம்பர்

பன்னிரண்டு பெண்களின் வேலை ஒரு கொள்ளுக் காட்டின் மேல் தொங்கப் போகிறது என்று திங்கட்கிழமை காலையில் யாராவது சொல்லியிருந்தால், அற்புதமேரி சிரித்துவிட்டு அடுத்த தட்டை எடுத்து வளைத்துப் பார்த்திருப்பாள்.

அதுதான் அவள் வேலை. ஓசூரில் வாளியும் குடமும் ஸ்டூலும் வார்க்கும் அந்த பிளாஸ்டிக் கம்பெனியில் இரண்டு மாதமாகப் புதிதாக ஒன்று வார்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுத் தட்டு அளவு, விளிம்பு மட்டும் தடிப்பு. அமெரிக்காவில் அதை வீசி விளையாடுகிறார்களாம். ஓரிடத்தில் நின்று எறிய வேண்டும். விழுந்த இடத்துக்கு நடந்து போய் மறுபடி எறிய வேண்டும். சங்கிலி தொங்கும் ஒரு கூடைக்குள் குறைந்த எறியில் போட்டவன் ஜெயித்தவன். டிஸ்க் கோல்ஃப் என்று பெயர். கம்பெனியில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. எல்லோருக்கும் அது தட்டு.

தட்டு வேலை பார்க்கும் பன்னிரண்டு பெண்களும் டெம்பரரி. பிப்ரவரி மாதக் கடைசியோடு அவர்கள் கார்டு முடிகிறது. அது முடிவதற்குள் அமெரிக்க ஆர்டர் கையெழுத்தாகிவிட்டால் பன்னிரண்டு பேருக்கும் பர்மனென்ட் என்று மேனேஜர் வரதராஜன் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அற்புதமேரியின் ஊரான ஊத்தங்கரைக்கு மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஃபேக்ஸ் வந்தது. டக்ளஸ் என்பவர் சனிக்கிழமை பெங்களூர் வழியாக வருகிறார். பதினொன்றிலிருந்து ஒரு மணி வரைதான் நேரம், மாலையில் விமானம். அவர்கள் விற்கப்போவது புதிதாக ஆடத் தொடங்குபவர்களுக்கான தட்டு. ஆகவே இதுவரை எறிந்தே பார்க்காதவர்கள், கம்பெனியின் தட்டை, ஒரு நல்ல மைதானத்தில் எறிவதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். ஆறு இலக்கு போதும். மைதானத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள்.

கீழே ஐந்து வரி யோசனையும் இருந்தது. தூரம் குறைவாக இருக்கட்டும். மரம் அதிகம் வேண்டாம். தண்ணீர் பக்கத்தில் வேண்டாம். குறுக்கே ஆள் நடக்கும் இடம் வேண்டாம். காற்று வேண்டாம்.

கோல்ஃப் என்ற சொல்லைப் பார்த்ததும் மேனேஜர் பச்சைப் புல்வெளியைத் தேடி நாலு இடத்துக்கு போன் போட்டார். எதுவும் கிடைக்கவில்லை. மத்தியானம் அற்புதமேரியைக் கூப்பிட்டு, தட்டைப் பற்றி உனக்குத்தான் தெரியும், வண்டி தருகிறேன், நீயே ஒரு இடம் பார் என்று ஃபேக்ஸைக் கையில் கொடுத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பார்த்தது கம்பெனிக்குப் பின்னால் இருந்த தைலமரத் தோப்பு. நிழல், அமைதி, நடக்கும் தூரம். அற்புதமேரிக்குப் பிடித்துப் போனது. துணைக்கு வந்த முனிலட்சுமி முதல் தட்டை வீசினாள். டொக். இரண்டாவதும் டொக். பத்துத் தட்டில் ஒன்பது மரத்தில் மோதின. பத்தாவது கிளையில் உட்கார்ந்துகொண்டது. முனிலட்சுமி மோல்டிங் பிரிவு, எல்லைப் பக்கத்துக்காரி, தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் ஆளைக் கிண்டல் செய்யத் தெரிந்தவள்.

"ஏன்க்கா, நம்மள வேலைய விட்டுத் தூக்கறதுக்கு மரத்துக்கு என்னாத்துக்கு இவ்ளோ அவசரம்?"

புதன்கிழமை ஏரிக்கரை. மரமே இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி. ஆனால் புதிதாக எறிபவளின் தட்டு நினைத்த இடத்துக்குப் போவதில்லை. மூன்று தட்டு தண்ணீருக்குள் போயின. ஒன்றை எடுக்க இறங்கிய டிரைவர் வெங்கடப்பன் முழங்கால் வரை சேற்றோடு ஏறி வந்து, காலை உதறிவிட்டு வண்டியில் உட்கார்ந்துகொண்டார்.

ஃபேக்ஸில் இருந்த ஐந்து வரியும் அன்றைக்குத்தான் அற்புதமேரிக்குப் புரிந்தது. அழகான இடம் வேறு, புதியவனுக்கு ஏற்ற இடம் வேறு. தப்பாக எறிந்தாலும் தட்டு கண்ணுக்கு எதிரிலேயே விழ வேண்டும். அப்படிப்பட்ட இடம்தான் வேண்டும்.

திரும்பும் வழியில் வெங்கடப்பன்தான் வாயைத் திறந்தார். "ஏம்மா, நீங்க தினமும் வர்ற வழியிலயே இருக்குதே. கொள்ளு அறுத்த காடு. பஸ்ஸுல கண்ண மூடிக்கினா எப்படித் தெரியும்?"

உண்மைதான். அற்புதமேரியும் முனிலட்சுமியும் இன்னும் ஏழெட்டுப் பேரும் குடியிருந்தது கர்நாடகப் பக்கத்து லைன் வீடுகளில். அங்கே வாடகை குறைவு. காலையில் கம்பெனி பஸ் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு அவர்களைக் கொண்டுவரும். சாயங்காலம் திருப்பிக் கொண்டுபோய் விடும். நடுவில் செக்போஸ்ட். கம்பெனி பஸ்ஸை அங்கே யாரும் நிறுத்தியதில்லை. கை அசைப்பார்கள், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை இருபது தட்டைக் காய்கறிப் பைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு பஸ்ஸிலேயே போனார்கள். செக்போஸ்ட் தாண்டி ஒரு கிலோமீட்டர், பிறகு மண் ரோட்டில் திரும்பி வந்தால் காடு. அறுவடை முடிந்து தரை மொட்டையாகக் கிடந்தது. ஓரத்தில் நாலு புங்க மரம். குறுக்கே வழி இல்லை. ஓசூர்ப் பக்கத்திலிருந்து நேராக வர முடியாதபடி ஆழமான ஓடை ஒன்று வெட்டிவிட்டிருந்தது. மத்தியானம் வரை காற்றும் இல்லை. பெங்களூரிலிருந்து வருபவருக்கு ஓசூருக்குள் நுழைய வேண்டிய வேலையும் மிச்சம்.

எறிந்து பார்த்தார்கள். நேராகப் போனது, கோணலாகப் போனது, உருண்டு போனது. எல்லாம் கண்ணுக்கு எதிரிலேயே விழுந்தது. அரை மணி நேரத்தில் முனிலட்சுமி எறிந்தது இருபது அடி காற்றில் மிதந்து, விளக்குத் திரியை இறக்குவது போல மெதுவாக இறங்கியது. அவள் கிண்டல் செய்ய மறந்து நின்றாள்.

ஃபிட்டர்கள் சைக்கிள் சங்கிலியை வைத்து மூன்று கூடைதான் பற்றவைத்திருந்தார்கள். மீதி மூன்று இலக்குக்கு அங்கே இருந்ததையே எடுத்துக்கொண்டார்கள். நாலு, புங்க மரம். ஐந்து, இடிந்த பம்ப் ஷெட் சுவர். ஆறு, காட்டின் நடுவில் இடுப்பளவு நின்ற ஒரு கல். அற்புதமேரி சாக்பீஸால் அதில் பெரிதாக ஆறு என்று எழுதினாள்.

அது இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் நட்ட எல்லைக் கல். அவளுக்கு அது தெரியும். முனிலட்சுமிக்கும் தெரியும். தினம் தாண்டுகிற ஒன்றைப் பற்றி யார் நின்று யோசிப்பார்கள்?

ஆறு இலக்கையும் ஒரு தாளில் வரைந்து வெள்ளிக்கிழமை மேனேஜரிடம் கொடுத்தாள். அவருக்குச் சந்தோஷம். ஒன்றை மட்டும் மாற்றினார். காய்கறிப் பையில் சாம்பிள் கொண்டுபோனால் வெளிநாட்டுக்காரன் என்ன நினைப்பான்? நூறு தட்டு, ஐந்து அட்டைப் பெட்டி, மேலே எக்ஸ்போர்ட் என்று அச்சிட்ட டேப். கம்பெனி வேனில் தனியாக வரட்டும்.

சனிக்கிழமை பத்தே முக்காலுக்குப் பன்னிரண்டு பெண்களும் காட்டில் வரிசையாக நின்றார்கள். பதினொன்றுக்கு டக்ளஸின் கார் வந்தது. உயரமான, வெயிலில் சிவந்த மனிதர். காட்டைச் சுற்றிப் பார்த்தார், தாளைப் பார்த்தார், தலையாட்டினார். மேனேஜர் முகம் மலர்ந்தது.

பதினொன்றேகால். வேன் வரவில்லை.

பதினொன்றரைக்கு வெங்கடப்பன் மண் ரோட்டில் ஓடி வந்தார். வண்டியை செக்போஸ்ட்டில் ஓரங்கட்டிவிட்டார்கள். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு. பில் எங்கே, கேட் பாஸ் எங்கே, படிவம் எங்கே என்று கேட்கிறார்கள்.

படிவம் எதுவும் இல்லை. விளையாடப் போகிற தட்டுக்குப் படிவம் வேண்டும் என்று அந்தக் கம்பெனியில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மேனேஜர் பம்ப் ஷெட் பக்கமாக அற்புதமேரியை அழைத்துப் போனார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது. ஓசூரில் இடமா இல்லை, எல்லை தாண்டித்தான் பார்க்க வேண்டுமா என்று கேட்டார். நீ தேர்ந்தெடுத்த இடம், நீயே போய்ப் பேசு என்று சொல்லிவிட்டு, சிரித்த முகத்தோடு டக்ளஸிடம் திரும்பினார்.

அவளும் முனிலட்சுமியும் ஒன்றரை கிலோமீட்டர் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். செக்போஸ்ட்டில் இருந்தவர் நல்ல மனிதர். அதுதான் கொடுமை. முனிலட்சுமி கன்னடத்தில் அண்ணா என்று ஆரம்பித்ததும் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். பெட்டியில் சீல் இருக்கிறது, மேலே எக்ஸ்போர்ட் என்று இருக்கிறது, காகிதம் இல்லை. பார்த்துவிட்ட பிறகு விட முடியாது என்றார். இரண்டே இரண்டு தட்டாவது தாருங்கள் என்று அற்புதமேரி கேட்டாள். சீல் உடைக்க மேலதிகாரி வர வேண்டும். அவர் இரண்டு மணிக்கு வருவார்.

பிறகு அவர் சொன்னதை முனிலட்சுமி தமிழில் சொல்லத் தயங்கினாள். அற்புதமேரி என்னவென்று கேட்டாள்.

"ஒரு பையில போட்டு பஸ்ஸுல கொண்ணாந்திருந்தா நான் என்னாத்துக்கும்மா பாக்கப் போறேன்னு கேக்கறாருக்கா."

எதிரே சுவரில் கடிகாரம். பன்னிரண்டு பத்து. கண்ணாடிக்கு வெளியே, கைக்கெட்டும் தூரத்தில், வேனும் ஐந்து பெட்டியும். ஒவ்வொரு தட்டையும் அவளே வளைத்து, எடை பார்த்து, சரி என்று அடுக்கியது. இப்போது ஒன்றைக்கூடத் தொட முடியவில்லை.

வெறுங்கையோடு திரும்பியபோது காட்டில் சிரிப்புச் சத்தம். டக்ளஸ் தன் பையிலிருந்த சொந்தத் தட்டைக் கொடுத்து பெண்களை எறியச் சொல்லியிருந்தார். ஆறு இலக்கும் முடிந்துவிட்டது. எறியத் தெரியாதவர்களுக்கு இதைவிட நல்ல மைதானத்தை நான் பார்த்ததில்லை என்றாராம். அதை அவளிடம் சொன்ன மேனேஜரின் குரலில் உயிர் இல்லை. மைதானம் பாஸ். மைதானத்தையா விற்கிறோம்?

மணி பன்னிரண்டு ஐம்பது.

வெங்கடப்பன் அவள் பக்கத்தில் வந்து நின்றார். "உன் சோத்துத் தூக்கு மேல ஒண்ணு மூடி வெச்சிருப்பியே. அது நம்ம தட்டுதானே?"

அவள் தூக்கைப் பார்த்தாள். நம்ம தட்டுதான். ஆனால் விளிம்பு வளைந்தது என்று அவளே சிவப்புப் புள்ளி வைத்துக் கழித்த தட்டு. அதைக் கேட்டு அருகில் வந்த மேனேஜரிடம் மெதுவாகச் சொன்னாள்.

"சார், அது ரிஜெக்ட்."

"அது உனக்குத் தெரியும். அவருக்குத் தெரியுமா?"

தூக்கைத் திறந்து எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள். புள்ளி போய்விட்டது, வளைவு போகவில்லை. வேறு யார் கையிலும் கொடுக்க அவளுக்குத் துணிவு வரவில்லை. அவளே ஆறாம் நம்பருக்கு எதிரே நின்றாள். ஐம்பது அடியில் எல்லைக் கல். இந்தத் தட்டு இடது பக்கம் இழுக்கும், எவ்வளவு இழுக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். கல்லை விட்டு வலது பக்கம் நன்றாகத் தள்ளி, எங்கோ எறிவது போல எறிந்தாள்.

தட்டு வலதுபக்கம் போனது. மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். பாதி வழியில் அது திரும்பியது. ஓடிப்போன மாடு கொட்டகைக்குத் திரும்புவது போலத் திரும்பி, வளைந்து வந்து, சாக்பீஸ் எழுத்தின் மேல் தட் என்று அடித்தது.

பதினோரு பெண்களும் கை தட்டினார்கள். டக்ளஸும் தட்டினார். அந்த ஒரு நிமிஷம் அற்புதமேரிக்குக் கார்டு கையிலேயே இருந்தது. பர்மனென்ட் என்று அச்சடித்த கார்டு.

பிறகு டக்ளஸ் நடந்து போய் தட்டை எடுத்து வந்தார். வரிசையில் கடைசியாக நின்ற மாரம்மாவிடம் நீட்டினார். மாரம்மா கல்லைப் பார்த்து நேராக எறிந்தாள். தட்டு இடதுபுறமாகச் சரிந்து காட்டின் ஓரத்து முள் வேலிக்குள் போனது. இன்னொரு பெண்ணிடம் கொடுத்தார். அதே முள் வேலி. கடைசியில் அவரே எறிந்தார். அவருக்கும் முள் வேலிதான்.

முள்ளிலிருந்து எடுத்து விளிம்பைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கோபம் இல்லை. அற்புதமேரியிடம் வந்து ஏதோ சொல்லிவிட்டு அதை அவள் கையிலேயே கொடுத்தார். மேனேஜர் மொழிபெயர்க்கவில்லை. மெட்ரிக் வரை படித்திருந்த அற்புதமேரிக்கு அது புரிந்தது. இந்தத் தட்டை உனக்கு நன்றாகத் தெரிகிறது. ஆனால் புதிதாக வாங்குகிறவனுக்குத் தெரியாதே என்றார்.

பெட்டியில் இருக்கும் நூறும் இப்படி இல்லை, ஒன்றுகூட இப்படி இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது, இங்கிலீஷ் வரவில்லை. கார் கதவு மூடியது. அவள் வரைந்த தாளை மட்டும் அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மணி சரியாக ஒன்று.

இருபத்தைந்தாம் தேதி ஃபேக்ஸ் வந்தது. மைதானம் பற்றி நாலு வரி, நல்லதாக. ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விட்டது என்று ஒரு வரி.

பிப்ரவரி கடைசியில் பன்னிரண்டு பேரும் கார்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஐந்து பெட்டியும் இன்னும் செக்போஸ்ட்டில்தான் இருந்தன. எடுத்துவர மேனேஜர் யாரையும் அனுப்பவில்லை. தட்டுக்கு இனி என்ன வேலை? ஒரு பெட்டியைத் திறந்திருக்கிறார்கள் போல. அங்கே தண்ணீர்ப் பானையின் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தட்டு மூடியிருந்ததாக வெங்கடப்பன் சொன்னார். அதைச் சொல்லியிருக்க வேண்டாமே என்று உடனே வருத்தப்பட்டார்.

அன்று சாயங்காலம் அற்புதமேரி கடைசி முறையாகக் கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். பக்கத்தில் முனிலட்சுமி. மடியில் காய்கறிப் பை, பைக்குள் தூக்கு, தூக்கின் மேல் அந்த வளைந்த தட்டு. முனிலட்சுமி அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதுக்குப் படிவம் இருக்குதாக்கா?"

அற்புதமேரி ரோட்டைப் பார்த்தாள். செக்போஸ்ட் நெருங்கியது. ஜன்னல் பக்கம் நகர்ந்து, பையை நன்றாகத் தெரியும்படி தூக்கிப் பிடித்தாள். நிறுத்தட்டும். ஒரு முறையாவது நிறுத்திக் கேட்கட்டும்.

அந்த நல்ல மனிதர் வாசலில்தான் நின்றிருந்தார். கம்பெனி பஸ்ஸைப் பார்த்ததும், எப்போதும் போல, போங்கள் என்று கை அசைத்தார்.